திருவருகைக் காலம்: அடுப்பு வேலை, ஆலய வேலை, பரீட்சை நெருக்கடிக்கு நடுவே மனசைத் தயாரிப்பது எப்படி?

செக்காலை வாசி கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடியில் இருக்கிற கத்தோலிக்கக் குடும்பம் எங்களுடையது. டிசம்பர் வந்தால் வீட்டில் அடுப்பு அணைவதே இல்லை. தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை, அதிரசம் என்று வெளியில் இருந்தும் ஆர்டர் வருகிறது, நம் வீட்டுக்கும் செய்ய வேண்டும். பிள்ளைகளுக்கு அரையாண்டுப் பரீட்சை. அன்பியத்தில் (பங்கில் எங்கள் தெருக் குடும்பங்கள் கூடும் குழு) கிறிஸ்துமஸ் குடில் வேலை, பாட்டுப் பயிற்சி. தையற்கடைக்கு நடந்தே செருப்பு தேயும். 24 ராத்திரி பூசைக்குப் போய் உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. வானவர் கீதத்துக்கு ("உன்னதங்களிலே" என்று தொடங்கும் பாட்டு) மணி அடிக்கும்போதுதான் திடுக்கென்று நிமிர்கிறோம்.

வேலையை விடவும் முடியாது, அதில் வரும் பணம்தான் ஜனவரிக்குப் பள்ளிக்கூடக் கட்டணம். "மனசைத் தயாரியுங்கள்" என்று பிரசங்கத்தில் கேட்கிறோம், எப்படி என்றுதான் தெரியவில்லை. எந்தத் தேதியில் எதை ஆரம்பிக்க வேண்டும், ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது) எப்போது, பிள்ளைகளை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்று விவரமாகச் சொல்ல முடியுமா? பொத்தாம் பொதுவாக "செபியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம்.

---

தேவகோட்டை உபதேசியார்

முதலில் நாள்கணக்கைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள் தங்கச்சி, பாதிக் குழப்பம் அதில்தான். கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகிற திருவருகைக் காலம் டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்குவதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைப் பின்னோக்கி எண்ணினால் வருகிற முதல் ஞாயிறுதான் தொடக்கம். நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாளுக்கு எந்த ஞாயிறு பக்கமோ அது. நவம்பர் 27-க்கு முன்னாலும் வராது, டிசம்பர் 3-ஐத் தாண்டியும் போகாது. அதனால் இந்தக் காலம் சில வருஷம் 28 நாள் இருக்கும், சில வருஷம் 22 நாளிலேயே முடிந்துவிடும். 2023-இல் நான்காம் ஞாயிறே டிசம்பர் 24-ஆக வந்தது. காலையில் திருவருகைப் பூசை, அன்று ராத்திரியே கிறிஸ்து பிறப்புப் பூசை. அப்படிப்பட்ட வருஷத்தில் "நாலாவது வாரம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப்போட்டவர்களுக்கு நாலாவது வாரமே கிடையாது.

அடுத்தது, திருச்சபை இந்தக் காலத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. டிசம்பர் 16 வரை வாசகங்கள் ஆண்டவரின் இரண்டாம் வருகையைப் பேசும். முதல் ஞாயிறு "விழித்திருங்கள்", இரண்டாவதும் மூன்றாவதும் திருமுழுக்கு யோவான். 17-ஆம் தேதியிலிருந்து 24 வரைதான் பிறப்புக்கான நேரடி ஆயத்தம். நாம் செய்வது இதற்கு நேர் எதிர். முதல் இரண்டு வாரம் சும்மா விட்டுவிட்டு, ஜவுளி, பலகாரம், வெள்ளையடிப்பு, குடில் எல்லாவற்றையும் அந்த எட்டு நாளில் கொண்டுபோய்த் திணிக்கிறோம். ஆகவே உங்கள் திட்டத்தில் ஒரே ஒரு கோடு போடுங்கள்: கனமான கைவேலை எதுவாக இருந்தாலும் 16-க்குள் முடிய வேண்டும். ஆர்டர் எடுக்கும்போதே "17-க்கு மேல் புது ஆர்டர் இல்லை" என்று சொல்லிவிட வேண்டும். மற்ற யோசனை எதைக் கடைப்பிடித்தாலும் இதை விட்டால் பயன் இல்லை.

தினசரி நேரம் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் வேண்டாம் என்றே சொல்வேன். முதல் நாள் உற்சாகத்தில் முழு செபமாலை, ஒன்பது நாள் நவநாள் செபம், ஒருசந்தி உபவாசம், ஒரு மணி நேரத் தியானம் என்று ஏற்றுக்கொள்கிறவர்கள் ஐந்தாம் நாள் எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் குற்ற உணர்வில் ஆலயத்தைப் பார்க்கவே கூசுகிறது.

அந்தப் பத்து நிமிடத்தை விடியற்காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன் வையுங்கள். ராத்திரி வேண்டாம், எண்ணெய்ச் சட்டி முன்னால் நாள் முழுக்க நின்ற உடம்பு உட்கார்ந்தவுடன் தூங்கிவிடும், அது பாவமும் இல்லை. மார்கழி பிறந்துவிட்டால் நம் பக்கம் கோவில் பாட்டுக் கேட்டு ஊரே விடியுமுன் எழுந்துவிடுகிறது, வாசலில் கோலம் விழுந்துவிடுகிறது. ஊரோடு சேர்ந்து எழுந்துகொள்ளுங்கள்.

உட்கார்ந்ததும் சிலுவை அடையாளம். ஒரு நிமிடம் வாய் மூடி மூச்சைக் கவனித்துச் சும்மா இருங்கள். அன்றைய நற்செய்தியை ஒருமுறை வாய்விட்டும், இன்னொரு முறை மெதுவாக மனசுக்குள்ளும் வாசியுங்கள். மனசில் ஒட்டுகிற ஒரு சொற்றொடரை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை வைத்து ஆண்டவரிடம் உங்கள் சொந்தப் பேச்சில் பேசுங்கள். எழுதி வைத்த செபம் தேவையில்லை. கடைசி இரண்டு நிமிடம் மறுபடி மௌனம். எழும்போது அந்தச் சொற்றொடரை அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிடுங்கள். முறுக்கு பிழியும்போது கண்ணில் படும். நாள் முழுக்கச் செபிப்பது என்பது நடைமுறையில் இவ்வளவுதான்.

கைபேசியில் வாசித்தால் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு வாசியுங்கள். ஆர்டர் செய்தி ஒன்று எட்டிப் பார்த்தால் பத்து நிமிடமும் போயிற்று. அச்சிட்ட விவிலியமே நல்லது.

17 முதல் 23 வரை மாலையில் குடும்பமாகச் செய்ய ஒன்று இருக்கிறது. திருச்சபையின் அன்றாடச் செபத் தொகுப்பான திருப்புகழ்மாலையில், மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன் வருகிற பழமையான ஏழு அழைப்புகள். ஒவ்வொரு நாளும் ஆண்டவரை ஒரு பெயர் சொல்லி "வாரும்" என்று கூப்பிடுவது. 17 ஞானமே, 18 ஆண்டவரே, 19 ஈசாயின் வேரே, 20 தாவீதின் திறவுகோலே, 21 உதிக்கும் ஒளியே, 22 மக்களினங்களின் அரசே, 23 இம்மானுவேலே. வருஷத்திலேயே பகல் மிகக் குறைவாக இருக்கிற சமயத்தில் "ஒளியே வாரும்" என்று வைத்திருப்பது அழகு. ஒரு பிள்ளை பெயரைச் சொல்லட்டும், எல்லாரும் "வாரும்" என்று பதில் சொல்லட்டும், ஒரு பரலோக மந்திரம், மரியாவின் பாடல், முடிந்தது. ஐந்து நிமிடம் ஆகும். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையை அதற்கு மேல் உட்காரவைக்க வேண்டாம்.

வானவர் கீதத்தைப் பற்றியும் சொன்னீர்கள். திருவருகை ஞாயிறுகளில் அதை நாம் பாடுவதில்லை. சவேரியார் திருநாள், மரியாவின் அமல உற்பவத் திருநாள் போன்ற நாள்கள் விதிவிலக்கு. நாலு ஞாயிறு அது இல்லாமல் இருப்பதைக் கவனித்து இருந்தவருக்குத்தான் 24 ராத்திரி மணியோடு அது எழும்பும்போது உடம்பு சிலிர்க்கும். வருகிற முதல் ஞாயிறே "இன்றைக்குப் பூசையில் எது குறைந்தது?" என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். பூவலங்காரம் குறைந்தது, உடுப்பு ஊதாவானது என்று அவர்களே ஒவ்வொன்றாகச் சொல்வார்கள்.

பாவசங்கீர்த்தனத்தைத் தனியாக எழுதுகிறேன், அது நீளம்.

---

கிழக்குத் தெரு குயர்

நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. எங்களிடம் பாவசங்கீர்த்தன முறை கிடையாது, ஆனால் அந்த எட்டு நாள் யோசனை எங்களுக்கும் பொருந்தும். வேதவாசிப்புக்கு இன்னொரு வழி சொல்கிறேன் அக்கா. லூக்கா சுவிசேஷம் 24 அதிகாரம். டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒன்று. அட்டவணையே தேவையில்லை, காலண்டரைப் பார்த்தால் அதிகாரம் தெரிந்துவிடும்.

இதில் மூன்று இடத்தில் ஆட்கள் வழுக்குவார்கள். முதல் அதிகாரம் 80 வசனம், ஆரம்ப நாளே நீளம் என்று சலிப்பு வரும். அன்றைக்கு மட்டும் காலை பாதி, மாலை பாதி. அடுத்தது, ஒரு நாள் தவறினால் மறுநாள் இரண்டு, அதற்கடுத்த நாள் மூன்று என்று சேர்த்து வாசிக்கப் பார்ப்பது. செய்யாதீர்கள். தவறியதை விட்டுவிட்டு அன்றைய தேதிக்குரியதை வாசியுங்கள். தேதியும் அதிகாரமும் ஒன்றாக இருப்பதுதான் இந்த முறையின் பிடி, அது விட்டால் கடன்காரனுக்குத் தவணை கட்டுகிற மாதிரி ஆகிவிடும். மூன்றாவது, பிறப்பின் சம்பவம் 2-ஆம் தேதியே வந்துவிடுகிறதே என்ற குறை. வரட்டும். 24 ராத்திரி 2-ஆம் அதிகாரம் முதல் 20 வசனத்தை மறுபடி வாசியுங்கள். கடைத்தெரு அலைமோதுகிற 22, 23 தேதிகளில் கெத்செமனேயும் சிலுவையும் வருவதை ஒருதடவை வாசித்துப் பாருங்கள். எந்தக் குழந்தைக்காக இத்தனை அலங்காரம் என்பது உறைக்கும்.

கேரல் ரவுண்ட்ஸ், அதாவது வீடு வீடாகப் போய்க் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடுவது பற்றிக் கொஞ்சம். ஆயத்தத்துக்கு உதவ வேண்டிய காரியமே பல இடங்களில் அதைக் கெடுத்துவிடுகிறது. ராத்திரி இரண்டு மணி வரை சுற்றி, வீட்டுக்கு வீடு டீ குடித்து, தொண்டை கட்டி, 25 அதிகாலை ஆராதனையில் குயரே கொட்டாவி விடுகிறது. ஒரு வீட்டுக்கு 12 நிமிடம் என்று வைத்துக்கொண்டால் மாலை ஆறரையிலிருந்து பத்துக்குள் நடை நேரம் போக 12, 13 வீடு பார்க்கலாம். அதற்கு மேல் என்றால் இன்னொரு நாள் ஒதுக்க வேண்டும். இரண்டு பாட்டு, ஒரு சின்ன வேதபாகம், அந்த வீட்டார் பேரைச் சொல்லி ஒரு ஜெபம். டீ கடைசி வீட்டில் மட்டும். ஒலிபெருக்கிக்கு இரவு 10 முதல் காலை 6 வரை சட்டப்படி தடை இருக்கிறது, 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள். விசேஷ அனுமதி வாங்கினால்கூட நடுராத்திரி வரைதான். பரீட்சைக்குப் படிக்கிற பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் நினைக்க வேண்டும்.

---

பள்ளத்தூர் அடுப்படி

செபத்தைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் பலகாரத்துக்கு வருகிறேன். 16-க்குள் முடிக்கச் சொல்வது சரிதான் அத்தாச்சி. ஆனால் எல்லாப் பலகாரமும் அத்தனை நாள் தாங்காது, வரிசை முக்கியம்.

நெடுநாள் நிற்பது தேன்குழல். பச்சரிசி நாலு பங்குக்கு உளுந்து ஒரு பங்கு. அதை 8-லிருந்து 10-க்குள் முடியுங்கள். பாசிப்பருப்பு மாவுருண்டை 12, 13. சீப்புச்சீடையில் தேங்காய்ப்பால் சேர்வதால் அதிகம் தாங்காது, சிக்கு வாடை அடிக்கும், ஆகவே 15, 16. அதிரசத்துக்கு மாவைப் பாகில் கிளறி 16-ஆம் தேதி எடுத்து வைத்துவிடுங்கள், அது இரண்டு மூன்று நாள் ஊறினால்தான் ருசி. 20 அல்லது 21-இல் ஒரு முற்பகல் சுட்டு முடித்துவிடலாம். கடைசி எட்டு நாளில் எண்ணெய்ச் சட்டி ஏறுவது அந்த ஒரு வேளைதான்.

டிசம்பர் பாதி வரை மழையும் ஈரக்காற்றும் இருக்கும், அப்புறம் பனி. அரிசி காயாமல் அரைத்தால் தேன்குழல் எண்ணெய் குடிக்கும், டின்னில் போட்டதும் நமத்துப்போகும். நவம்பர் கடைசியில் ஒரு நல்ல வெயில் கிடைத்தால் அரிசியையும் உளுந்தையும் அன்றே காயவைத்து மில்லுக்குக் கொடுத்துவிடுங்கள். பொரித்தது முழுக்க ஆறிய பிறகே டின்னில் அடையுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து எல்லாம் வீண், அப்புறம் 22-ஆம் தேதி மறுபடி சட்டி வைக்க வேண்டி வரும். செபத்துக்கு ஒதுக்கிய நேரம் பெரும்பாலும் இப்படித்தான் காணாமல் போகிறது.

துணி தைக்கக் கொடுப்பதானால் முதல் ஞாயிறுக்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். தீபாவளி நெரிசல் ஓய்ந்திருக்கும்.

---

தேவகோட்டை உபதேசியார்

பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறேன்.

23, 24 தேதிகளில் போகாதீர்கள். வரிசை வாசல் வரை நிற்கும், சாமியாருக்கும் களைப்பு, உங்களுக்கும் அவசரம். சொல்ல நினைத்ததில் பாதி சொல்லாமலே எழுந்துவிடுவீர்கள். மூன்றாம் ஞாயிறை ஒட்டிய வாரத்தில், பூசைக்கு அரை மணி முன்னால் போவது உத்தமம். பங்கில் பொது ஒப்புரவு வழிபாடு வைத்தால் வெளியூர்ச் சாமியார்களும் வருவார்கள், உள்ளூரில் முகம் தெரிகிறதே என்று கூசுபவர்களுக்கு அது வசதி. யாரிடம் சொன்னாலும் அது அவரோடு புதைந்துவிடும். பாவசங்கீர்த்தன இரகசியத்தை எந்தக் குருவும் எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது.

பழைய ஞானோபதேசத்தில் படித்த ஐந்து படிகள்தான்: ஆன்ம சோதனை, மனஸ்தாபம், இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் சொல்லுதல், அவர் கொடுக்கும் அபராதத்தை (பரிகாரத்தை) நிறைவேற்றுதல். தடுமாற்றம் பெரும்பாலும் முதல் படியில். பத்துக் கட்டளையை மேலோட்டமாக ஓட்டினால் "பொய் சொன்னேன், கோபப்பட்டேன்" என்பதற்கு மேல் எதுவும் வராது.

இந்தக் காலத்துக்கு என்றே ஒரு நல்ல ஆன்ம சோதனைப் பகுதி உண்டு, லூக்கா 3-ஆம் அதிகாரம் 10 முதல் 14 வரை. மக்கள் யோவானிடம் "நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்கிறார்கள். அவர் எவரையும் தொழிலை விட்டு வனாந்தரத்துக்கு வரச் சொல்லவில்லை. இரண்டு அங்கி இருந்தால் ஒன்றைக் கொடு. வரி வசூலிக்கிறவனே, விதித்ததற்கு மேல் வாங்காதே. படைவீரனே, மிரட்டிப் பணம் பறிக்காதே, சம்பளம் போதும் என்று இரு. அவரவர் தொழிலுக்குள்ளேயே பதில்.

இதை நம் ஊருக்கு இறக்கிப் பாருங்கள். பலகாரத்தில் நெய் என்று சொல்லி வனஸ்பதி கலந்தேனா? எடை குறைந்ததா? மாவு இடிக்க, பாத்திரம் கழுவ வருகிற அம்மாவுக்குக் கூலியை இழுத்தடித்தேனா? கைமாற்றுக்கு அநியாய வட்டி வாங்கினேனா? பங்காளி வீட்டோடு பேச்சு நின்று எத்தனை வருஷம்? கட்டாத சீட்டுப் பணம் இருக்கிறதா? ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், சொல்லி முடித்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிடுங்கள்.

சொல்லும்போது கடைசியாக எப்போது செய்தீர்கள் என்பதில் ஆரம்பியுங்கள். சாவான பாவமானால் (கனமான பாவமானால்) என்ன வகை, ஏறக்குறைய எத்தனை முறை என்று சொல்ல வேண்டும். மாமியார் செய்ததையும் நாத்தனார் பேசியதையும் அங்கே சொல்ல வேண்டியதில்லை. நம்மவர்கள் பாதி நேரம் அடுத்தவர் பாவத்தைத்தான் சங்கீர்த்தனம் செய்கிறார்கள். வெகுகாலம் ஆகிவிட்டது, முறை மறந்துவிட்டது என்றால் அதையே சொல்லுங்கள், சாமியாரே நடத்திக்கொண்டு போவார். கொடுத்த அபராதத்தை ஆலயத்தை விட்டு இறங்குமுன் முடித்துவிடுவது நல்லது.

கூலி பாக்கி, கடன், பறித்த பொருள் இருந்தால் செபத்தோடு தீராது, திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலைக்காரர் கூலியையும் புதுத்துணிக் காசையும் 20-க்குள் கொடுத்துவிடுங்கள். 24 சாயந்தரம் கொடுத்தால் அவர்கள் எப்போது கடைக்குப் போவார்கள்?

---

தனிவழி

இவ்வளவு அட்டவணை எதற்கு? ஆண்டவர் இதயத்தைத்தானே பார்க்கிறார். அன்பு இருந்தால் போதும், 16-ஆம் தேதி, பத்து நிமிடம் என்றெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டுமா? விவிலியத்தில் வேலையிலேயே மூழ்கிய மார்த்தாவைப் போல ஆக்கிவிடாதீர்கள்.

---

கிழக்குத் தெரு குயர்

சகோதரரே, லூக்கா 10-இல் மார்த்தாள் சமைத்தது கடிந்துகொள்ளப்படவில்லை. அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்கினதுதான் சொல்லப்படுகிறது. சமைக்காமல் இருக்க முடியாத வீட்டில் கலக்கத்தைக் குறைக்க ஒழுங்கு வேண்டும். நம்மைச் சுற்றிப் பாருங்கள், நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்புக்குக் கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி இழை (நோன்புத் திரி) எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் "மனசில் பக்தி இருந்தால் போதும், நாள் எதற்கு" என்று கேட்பதில்லை. நமக்கு மட்டும் ஏன் கணக்கு என்றால் கசக்கிறது?

---

குடில் கைவேலை

பிள்ளைகளைச் சேர்க்கக் குடிலை விட நல்ல வழி இல்லை. கிரேச்சோ ஊரில் 1223-இல் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்ததிலிருந்து வருகிற பழக்கம். ஆனால் கடையில் தயாராக விற்பதை 23 ராத்திரி வாங்கிச் சீரியல் பல்பு மாட்டினால் அதில் பிள்ளைக்குக் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை. மெல்ல மெல்லக் கட்டுங்கள்.

முதல் ஞாயிறு வெறும் கொட்டகை. இரண்டாம் வாரம் வைக்கோல், மாடு, கழுதை. மூன்றாம் வாரம் இடையர்கள், ஆடுகள். நான்காம் வாரம் மரியாவும் சூசையும். தீவனத்தொட்டி காலியாகவே இருக்கட்டும். குழந்தை சொரூபத்தை 24 நடுராத்திரி பூசை முடிந்து வந்துதான் வைக்க வேண்டும். மூன்று ராஜாக்களை வீட்டின் மறுகோடியில், பட்டாசாலை (கூடம்) ஓரத்தில் வைத்துத் தினம் கொஞ்சம் நகர்த்தி ஜனவரி 6-க்குக் குடிலுக்குக் கொண்டுவரலாம். பிள்ளைகளுக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். ஒரு நல்ல காரியம் செய்தால் ஒரு வைக்கோல் தொட்டியில் போடலாம் என்ற பழக்கமும் உண்டு. ஆனால் "இன்னைக்கு நீ எத்தனை போட்டாய்" என்று அண்ணனையும் தம்பியையும் ஒப்பிடாதீர்கள். மூன்றாம் நாளே பொய்க்கணக்கு வரும். யார் போட்டது என்று தெரியாமல் போடவிடுங்கள்.

புல்லுக்கு நம் ஊர் முளைப்பாரிக் கைத்திறன் இருக்கிறதே. கேழ்வரகை ஒரு ராத்திரி ஊறவைத்து, வடித்துத் துணியில் கட்டி ஒரு நாள் வைத்து, முளை எட்டிப் பார்த்ததும் தட்டில் இரண்டு விரல்கடை மண்ணும் காய்ந்த எருவும் பரப்பித் தூவுங்கள். முதல் மூன்று நாள் நிழலில் மூடி வையுங்கள், பிறகு வெளிச்சம். மார்கழிக் குளிரில் முளை மந்தம், அதனால் 14, 15-இலேயே விதைத்துவிட வேண்டும். ஊற்றக் கூடாது, கையால் தெளித்தால் போதும். தண்ணீர் தேங்கினால் பூஞ்சணம் பிடித்துத் தட்டு முழுக்க வீணாகும். தினம் தண்ணீர் தெளிக்கிறபோதே அந்த "வாரும்" செபத்தையும் சொல்லிவிடலாம்.

திருவருகை வளையத்துக்கு ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி நாலு மெழுகுதிரி ஊன்றுங்கள். ஊதா மூன்று, மூன்றாம் ஞாயிறுக்கு இளஞ்சிவப்பு ஒன்று. ஊதா கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியில் ஊதா ரிப்பன் அடிப்பாகத்தில் கட்டினால் போதும். முதல் திரி தினம் பத்து நிமிடம் எரிந்தால் 28 நாளில் 280 நிமிடம், ஏறக்குறைய அஞ்சு மணி நேரம். சன்னத் திரி அதற்குள் கரைந்துவிடும், அதை மட்டும் தடியாக வாங்குங்கள். பச்சைக்குச் சவுக்குக் கிளை வைப்பவர்கள் வாரம் ஒருமுறை மாற்ற வேண்டும். காய்ந்த சவுக்கு குப்பென்று பற்றிக்கொள்ளும், மணல் அதற்காகவும்தான்.

---

செக்காலை வாசி

எல்லாருக்கும் நன்றி. ஆர்டருக்கு 16 கடைசி என்று எழுதி ஒட்டிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். நாத்தனார் வீட்டில் இந்த வருஷம் ஒரு சாவு. துக்க வருஷம், அதனால் நட்சத்திரம் கட்ட மாட்டோம், பலகாரம் இல்லை, ஆலயத்துக்கும் வரவில்லை என்கிறார்கள். என்ன சொல்வது? அடுத்தது, மாமியாருக்கு நடக்க முடியாது. நடுராத்திரி பூசைக்கு எல்லாரும் போனால் அவர் தனியாக இருப்பார்.

---

தேவகோட்டை உபதேசியார்

துக்க வீட்டாரைப் பலகாரம் சுடச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், நட்சத்திரமும் வேண்டாம். அது ஊர் வழக்கம், விசுவாசத்துக்கு விரோதம் இல்லை. நீங்கள் ஒரு டின் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆனால் துக்கத்துக்காகப் பூசையை நிறுத்துவதற்குத் திருச்சபையில் எந்த ஒழுங்கும் கிடையாது. கிறிஸ்து பிறப்பு கடன் திருநாள், அதாவது கட்டாயம் பூசை காண வேண்டிய நாள், அவர்களுக்கும் சேர்த்துத்தான். கூட்டமும் புதுத்துணியும் வாணவேடிக்கையும் பார்க்கச் சங்கடமாக இருந்தால் நடுராத்திரிக்குப் பதில் 25 விடியற்காலைப் பூசைக்கோ பகல் பூசைக்கோ வரலாம், கடன் நிறைவேறிவிடும். விடியற்காலைப் பூசையின் நற்செய்தி இடையர்கள் போய்ப் பார்க்கிற பகுதி, லூக்கா 2-இல் 15 முதல் 20 வரை. மரியா எல்லாவற்றையும் மனசில் வைத்துச் சிந்தித்தார் என்பது அதில்தான் வருகிறது. துக்கத்தில் இருப்பவருக்கு அது எட்டும். இறந்தவர் பெயரில் டிசம்பருக்குள் ஒரு பூசைக் கருத்துக் கொடுங்கள் (அவருக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லுங்கள்), குடும்பமாகக் கல்லறைக்குப் போய் ஒரு திரி ஏற்றிவிட்டு வாருங்கள்.

மாமியாருக்கு நற்கருணை வீட்டுக்கே வரும், சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான். நான்காம் ஞாயிறுக்கு முந்திய வாரமே பங்குச் சாமியாரிடமோ நோயாளிகளுக்கு நற்கருணை எடுத்துச் செல்கிறவரிடமோ பெயர் கொடுங்கள். 24 காலையில் வரச் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் வருவார்கள். பாவசங்கீர்த்தனமும் வேண்டும் என்றால் அதையும் முன்னதாகச் சொல்லுங்கள், குரு வர வேண்டும், நற்கருணைப் பணியாளரால் அது ஆகாது. கட்டில் பக்கத்தில் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (சிலுவையில் இயேசுவின் உருவம்), ஒரு மெழுகுதிரி, ஒரு டம்ளர் தண்ணீர். டிவியை அணைத்துவிடுங்கள். ஒரு மணி நேர நற்கருணை விரதம் வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் கட்டாயம் இல்லை, மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்துவிடுங்கள்.

ராத்திரி அவரைத் தனியே விட வேண்டாம். வீட்டில் நாலு பேர் என்றால் இருவர் நடுராத்திரிப் பூசை, இருவர் காலைப் பூசை என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடுராத்திரிக்குப் போகிறவர்கள் ஏழரைக்குள் சாப்பிட்டு, எட்டிலிருந்து பத்தரை வரை கட்டாயம் படுக்க வேண்டும். கண் சொருகுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதற்கு வேறு மருந்து கிடையாது. ஆட்டுக்கறியை 24 மாலையே வாங்கி வைத்துவிட்டு, மசாலாவையும் அரைத்து எடுத்து வைத்துவிட்டுப் படுங்கள்.